பிடிவாதக்காரி

பிளாயா கவியோத்தா,
பிப்ரவரி, வியாழன் காலை.

அன்புள்ள தம்பி ரமிரோவுக்கு,

அம்மாவும் நானும் நலம், இங்கே கடற்கரையில் நல்ல கோடை. பார்சிலோனா குளிரில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வாசல் சுவரில் நீ மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றினேன். ‘புளூ ஹொரைசன்.’ அதுவும் ஆங்கிலத்தில். இந்த ஊரில் வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான் முகவரி. நேற்று எரிவாயு உருளை வேண்டும் என்று கடையில் போய், பழைய பெயரைச் சொல்லி ‘லா போர்ஃபியாதா’வுக்கு அனுப்பச் சொன்னேன். அப்படி ஒரு வீடே இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய தகரப் பலகை கிடைத்தது. உருளை ஆடாமல் நிற்க அதன் அடியில் கொடுத்திருக்கிறாய். அப்பா எழுதிய எழுத்தில் பாதி துருவோடு போய்விட்டது. அப்போது உனக்கு இரண்டு வயது, நினைவிருக்காது. மணல் ஏறி வீட்டை விழுங்கிவிடும், இங்கே கட்டாதே என்று ஊரே சொன்னது, அப்பா உட்பட. அம்மா கேட்கவில்லை. வீடு எழும்பியதும் அப்பா தோற்றுப்போனவர் மாதிரி சிரித்துக்கொண்டே ‘லா போர்ஃபியாதா’, அதாவது ‘பிடிவாதக்காரி’ என்று எழுதி மாட்டினார். வீட்டின் பெயர் என்று நினைத்தாயா? அது அம்மாவின் பெயர்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். மோந்தேவிதேயோவில் இருந்து கிளம்பும்போதே போர்வை, தலையணை உறை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால், வாடகைக்கு வருகிறவர்களுக்கு வைத்திருப்பதை நாம் ஏன் அழுக்காக்க வேண்டும் என்றாள். கடற்கரையில் இருந்து வந்தால் வெளிக்குழாயில் காலைக் கழுவி, துடைத்து, அதன் பிறகும் நுனிக்காலில் நடக்கிறாள். பெரிய அறையில் படுக்கவில்லை. நாமிருவரும் சின்ன வயதில் சண்டை போட்டுக்கொண்டு தூங்கிய அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் சுருண்டு கிடக்கிறாள்.

நேற்று மத்தியானம் நான் கடைக்குப் போன நேரம், பாறைப் பக்கம் போய்ப் பச்சைப் பாசி பறித்து வந்து மாவு கரைத்திருக்கிறாள், பாசிப் போண்டாவுக்கு. திரும்பி வந்தால் ஆளும் இல்லை, மாவும் இல்லை. பக்கத்தில் வால்தெமார் வீட்டுச் சமையலறையில், அவருடைய வாணலிக்கு முன்னால் நிற்கிறாள்.

சாவியை வைத்துக்கொண்டு உன் வாடகைக்காரர்களுக்குக் கதவு திறந்துவிடும் அந்த வால்தெமார் என்னைப் பார்த்ததும், “வாம்மா லெத்தி. உங்கம்மாவுக்கு இந்த ஊர்ல வீடு வாசல் இல்லயாம், என் அடுப்பு தேடி வந்திருக்காங்க. எனக்கென்ன, எண்ணெய்க்குக் கூலியா பாதி போண்டா எனக்கு,” என்றார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் ஏன் என்று கேட்டேன்.

“உள்ள எதுவும் பொரிக்கக் கூடாதாம்டி. ரமிரோ எழுதி ஒட்டியிருக்கான், நீ பாக்கலயா?”

பார்த்தேன். சமையலறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய். பொரிக்காதே, வராந்தாவில் துணி காயப்போடாதே, நாற்காலியை நகர்த்தாதே. அது விருந்தாளிகளுக்கு அம்மா, உனக்கில்லை என்றேன். அவள் போண்டாவைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்: “எனக்கில்லன்னு அதுல எங்கடி போட்டிருக்கு?”

ரமிரோ, எங்கே போட்டிருக்கிறது? உனக்குத் தெரியுமா?

இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். என் கோபத்தில் பாதி அம்மா மேல்தான். ஊரையே எதிர்த்தவள் ஒரு தாளுக்குப் பணிந்துவிட்டாளே என்று. ஆனால் அவள் தாளுக்குப் பணியவில்லை, உன் கையெழுத்துக்குப் பணிந்திருக்கிறாள். நீ கஷ்டப்பட்டுக் கூரை மாற்றினாய், வாடகைக்கு விடாவிட்டால் வீடு நிற்காது, எல்லாம் தெரியும். பலமுறை சொல்லியிருக்கிறாய், நானும் தலையாட்டியிருக்கிறேன். இரண்டு வாடகைக்காரர்களுக்கு நடுவே மிஞ்சிய ஒரு வாரத்தை அம்மாவுக்குக் கொடுத்தாயே, அதற்கு அவள் உனக்கு நன்றி சொன்னாளாமே. நீயும் ‘பரவாயில்லை அம்மா’ என்றாயாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடலாம், சனிக்கிழமை போர்த்தோ அலெக்ரே நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு வருகிறது, அதற்குள் தரையைத் துடைத்து வைக்க வேண்டும் என்று நேற்றிரவே வாளியை எடுத்து வைத்திருக்கிறாள். இன்னும் தூங்குகிறாள். ஆணி அடித்து மாட்டினால் சத்தம் அவளை எழுப்பிவிடும் என்றுதான் பழைய பலகையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தொலைபேசியில் சொன்னால் நீ பேசியே என்னைக் கரைத்துவிடுவாய். அதனால்தான் தபால். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வால்தெமாரின் தங்கை வீடு இந்தக் கோடையில் காலியாகக் கிடக்கிறது, கடல் இன்னும் பக்கம். சனிக்கிழமை அந்தக் குடும்பத்தை நானே அங்கே அழைத்துப் போய் விடப்போகிறேன். வால்தெமாரிடம் இன்னும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. கார்னிவல் திருவிழா முடியும்வரை, அவளே போகலாம் என்று சொல்லும்வரை, நாங்கள் இங்கேதான் இருப்போம். பெரிய அறையில்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதம் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நீ அம்மாவைக் கூப்பிடும்போது என் மேல் கோபமாக இருப்பாய். திட்டுவதை எனக்கு வைத்துக்கொள். அவளிடம், வீட்டில் இன்று என்ன பொரித்தாய் என்று நீயாகவே கேட்க மாட்டாயா?

உன் அக்கா,
லெதிசியா