மூடி வைத்த ஊற்று

பிப்ரவரி 4
வனவிலங்குப் பூங்காவின் வடகோடியில் எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டுமாம். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரி சொன்னார். காவலர்களில் போகப்போவது நானும் லோகோரியோவும். "அந்தப் பக்கம் பாம்புகூடச் செருப்பு கேக்கும், நாக்கிரு" என்றான். அவன் வாய்க்கு ஓய்வே இல்லை.

பிப்ரவரி 6
புறப்படும் நேரத்தில் அண்ணி அடாபோ ஆள் அனுப்பியிருந்தாள். காணாமல் போன ஒட்டகங்களைத் தேடி அண்ணன் எகிடோர் அதே வடகோடிக்குள் தனியாகப் போயிருக்கிறான். இன்னும் திரும்பவில்லை. கையில் ஒரு சின்னக் குடுவைத் தண்ணீர்தான். அதிகாரியிடம் சொன்னேன். "தண்ணீரையும் தேடு, அவரையும் தேடு" என்றார். பெரிய மனசு.

பிப்ரவரி 7
கல், முள், வெயில். மாலையில் டயர்ச் செருப்புத் தடம். இடது குதிகால் தேய்ந்தது. அண்ணனுடையதேதான். பாறைத் தரையில் தடம் தொலைந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

பிப்ரவரி 8
எங்கள் தண்ணீரும் தீர்ந்தது. வறண்ட ஆற்று மணலில் ஆள் உயரத்துக்குத் தோண்டினோம். ஊறியது. குடித்தோம், குடுவைகளை நிரப்பிக்கொண்டோம். வழக்கப்படி லோகோரியோ ஊற்றை மூடத் தொடங்கினான்.

"திறந்தே விடலாம். அண்ணன் வந்தா?"

"கழுதைப்புலி உள்ள விழுந்து செத்துச்சுன்னா அவரு எதைக் குடிப்பாரு? ஊத்தைத் திறந்து போட்டுட்டுப் போனவ என் தங்கச்சியான்னு அவரே கேப்பாரு."

கேட்பான்தான். இருவரும் சேர்ந்து ஓர் அடிமரத்தை உருட்டிக் குழியின் வாயில் போட்டோம். மேலே முள் அடுக்கினோம். முள்குவியலைப் பார்த்தால் கீழே தண்ணீர் என்று எங்கள் ஆட்கள் யாருக்கும் தெரியும்.

பிப்ரவரி 10
வடக்கே ஒன்றும் இல்லை. திரும்பி ஊற்றுக்கே வந்தோம்.

அண்ணன் அங்கே கிடந்தான். உயிர் இல்லை. முள்ளையெல்லாம் இழுத்துப் போட்டிருந்தான். மரம் அசையவில்லை. விரல் நகங்கள் —

திறந்து விடலாம்னு நான்தானே சொன்னேன். அப்புறம் ஏன் நானும் கை குடுத்தேன்?

பிப்ரவரி 11
அண்ணனை மூடக் கல் அடுக்கினோம்; பெரிய கல்லையெல்லாம் லோகோரியோவே தூக்கினான்.

பிப்ரவரி 13
அண்ணியின் குடிசைக்கு இருவரும் போனோம். சாவுச் செய்தி எங்களுக்கு முன்பே எட்டியிருந்தது; துக்கத்துக்குக் கழுத்து மணிகளையெல்லாம் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"அவரு கிடந்த எடத்துல தண்ணி இருந்துச்சா?"



"இல்ல அண்ணி" என்றேன்.

"அதானே. இருந்திருந்தா அவரு கண்டுபிடிச்சிருப்பாரு."

நடந்து வந்த களைப்பு தெரிகிறது என்று சொல்லி, எனக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்தேன்.