தலைவர் தவறணைக்குப் போனது

2-9-62, ஞாயிறு

இன்று சங்கக் கூட்டம். மதுவிலக்குச் சங்கத் தலைவர் நான். செயலாளர் செல்வநாயகம். மற்றவர்கள் தேநீருக்காக வருபவர்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். "வாய்க்கு வரம்பு கட்டாதவன் வயலுக்கு வரம்பு கட்டி என்ன பயன், அன்பர்களே?" என்று வழக்கமான இடத்தில் கேட்டேன். வழக்கம்போல ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பேச்சாலேயே எங்கள் ஊர் முரசுமோட்டை முழுவதையும் திருத்திவிடலாம் என்று நினைத்தவன் நான். என் வீட்டில் ஒருவனைத் தவிர எல்லாரும் குடியாதவர்கள். அதாவது, மனைவி அன்னபாக்கியமும் பசுமாடும்.

மகன் யோகநாதன் குடித்தே செத்தான். இருபத்தெட்டு வயது. உழவு மிசின் ஓட்டினவன். ஈரல் போய்விட்டது என்றார் டாக்குத்தர். வருகிற வெள்ளி அவனுக்கு ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருசம்.

3-9-62, திங்கள்

அன்னம் என்னோடு கதைக்கவில்லை.

4-9-62, செவ்வாய்

இன்று கதைத்தாள். கதைக்காமலே இருந்திருக்கலாம்.

பகலில் ஐயர் வந்து திவசத்தைச் செய்துவிட்டுப் போவார். அதில் பிரச்சினை இல்லை. பொழுதுபட்ட பிறகு வீட்டுப் படையல். செத்தவர் விரும்பித் தின்றதையும் குடித்ததையும் வாழையிலையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் ஆட்களின் வழக்கம். யோகனுக்கு மரவள்ளிக்கிழங்கும் விரால் பொரியலும் பிடிக்கும். அவற்றைவிட என்ன பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

போன வருசம் எட்டுச்செலவுப் படையலில், சாராயம் இருக்கவேண்டிய இடத்தில் நான் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் வைத்தேன். சீனியும் போட்டு. உயிரோடு இருந்தபோது திருத்த முடியாதவனைச் செத்த எட்டாம் நாள் திருத்தப் பார்த்த தலைவர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"பிள்ளை அண்டைக்குத் தாகத்தோடை போயிட்டான். இந்தமுறையும் அப்பிடியெண்டால் நான் அடுப்பு மூட்டமாட்டன்" என்றாள் அன்னம்.

அவனைக் கொன்றதே அதுதானே என்றேன்.

"கொண்டது கொண்டுபோட்டுது. இனி அது அவனை என்ன செய்யும்?"

முக்கால் மணி நேரம் பேசக்கூடியவன் எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போடப் போனேன்.

5-9-62, புதன்

சாராயம் வைக்கவா, விடவா? செல்வநாயகத்தைக் கொண்டு வாங்குவிப்போமா? சீ, பாவம், சங்கத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே மானஸ்தன்.

செத்தவன் எதைக் குடிக்கப்போகிறான்? எல்லாம் மனப்பிரமை. ஆனால் அவன் வந்து இலையைப் பார்த்தால்? அப்பர் இன்னும் மாறேல்லை எண்டு நினைச்சால்? ஐயோ, எனக்கு அவன் வேணும். குடிச்சுப்போட்டெண்டாலும் வந்து படலையைத் தட்டட்டும்.

6-9-62, வியாழன்

போனேன்.

சைக்கிளைச் சந்தியில் ஒரு பனைக்குப் பின்னால் மறைத்துவிட்டு நடந்தேன். என் சைக்கிளை ஊரில் எல்லாருக்கும் தெரியும். என்னைத் தெரியாது என்று நினைத்தேன் போலும். சாராயத் தவறணைக்குள் காலை வைத்ததும் கதை நின்றுவிட்டது. ஒருவர் கிளாசை உடுத்திருந்த சாரத்துக்குள் ஒளித்தார். அரைப் போத்தல் என்றேன். உடைத்துக் காட்டுவதற்கோ என்று கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார். இல்லை, மகனுக்கு என்றேன். அவர் போத்தலைத் துடைத்து இரண்டு கையாலும் தந்தார்.

அப்புத்துரை சைக்கிள் வரைக்கும் பின்னால் வந்தான். யோகனோடு மிசினில் உதவிக்கு நின்றவன், குடிக்கும் கூட்டாளி. என் வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தவன். தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"யோகண்ணை உங்கடை பேச்சை இஞ்சை முழுசாச் சொல்லிக் காட்டுவார், தலைவர். ஒரு சொல்லுப் பிசகாது. 'அன்பர்களே' எண்டிட்டு ஒரு இருமல் இருமுவார். உங்களை மாதிரியே."

"நான் இருமிறேல்லை" என்றேன்.

"ஓம், தலைவர்" என்றான்.

சங்கத்தில் ஒருவருக்கும் ஒரு வரி நினைவில்லை. என் பேச்சை மனப்பாடம் செய்த ஒரே ஆள் தவறணையில் இருந்திருக்கிறான். சிரிப்பு வந்தது, பிறகு சைக்கிளைப் பிடித்தபடி நின்று அழுதேன். அப்புத்துரை போத்தலை வாங்கி வைத்துக்கொண்டான். தலைவர் கையில் போத்தலோடு அழுதால் ஊர் என்ன நினைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நாளைக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

7-9-62, வெள்ளி

படைத்தோம். கிழங்கு, விரால், சுருட்டு, அரைப் போத்தல். கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றோம்.

கதவைத் திறந்த பிறகுதான் எனக்குச் சங்கடம். படைத்த சாராயம் செத்தவனுடைய கூட்டாளிக்குச் சேரவேண்டும் என்பதும் வழக்கம். அப்புத்துரை போத்தலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் வாயில்லை.

"தம்பி, அவன் பேசினதை ஒருக்காப் பேசிக் காட்டு" என்றாள் அன்னம்.

அப்புத்துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அது நான் நிற்கிற விதம். குரல் எனதல்ல, அப்புத்துரையுடையதும் அல்ல. "அன்பர்களே" என்று கடைசியில் அந்த இழுப்பு - அது யோகன். சின்ன வயதில் அடம்பிடிக்கும்போது இழுத்த அதே இழுப்பு. பிறகு இருமல். அன்னம் சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருசம். சிரிப்பு முடியுமுன்பே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்னொருக்காச் சொல்லு என்றேன். சொன்னான். இன்னும் ஒருக்கா என்றேன். அவனுக்குப் போத்தல் மறந்துபோகும்வரை கேட்டோம். அவன் போன பிறகு அதை வாய்க்காலில் ஊற்றினேன். கீழ்க்காணி எருமைகள் நாளைக்குத் தள்ளாடினால் தலைவர் பொறுப்பு.

7-10-62, ஞாயிறு

சங்கக் கூட்டம். அப்புத்துரை வந்து பின்வரிசையில் இருந்தான். குடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். செல்வநாயகம் முகத்தைச் சுளித்தார். நான் தேநீர் கொடுக்கச் சொன்னேன்.

பேசினேன். வரம்புக்கு வந்தேன். "அன்பர்களே" என்றேன். உடனே இருமினேன். எத்தனை வருசமாக இருமிக்கொண்டிருக்கிறேனோ, கடவுளுக்கும் தவறணைக்கும்தான் தெரியும்.

அப்புத்துரை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

எனக்கு அதற்கு மேல் இருமல் வரவில்லை. இருந்தாலும் இன்னொரு முறை இருமினேன்.