தாத்தா தலையில் நான் போட்ட பழி

சிம்பாங் பூலாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே கூச்சிங்கில் உனக்குக் காய்ச்சல் தலைவலி ஒன்றும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். அப்பா இன்னும் கல்லுமலையில் கல் ஏற்றும் லாரிதான் ஓட்டுகிறார், இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய், போன் என்றால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டே முடித்துவிடுவேன், அதனால்தான்.

போன செவ்வாய்க்கிழமை உன் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்கள். என் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார்கள். தாயாருக்குச் சுகமில்லை, அதனால் படிப்பை நிறுத்துகிறேன் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயாம், வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்குள் முடிவாகச் சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை, பரவாயில்லை என்று முனகிவிட்டு வைத்துவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நுண்கணிதத்தில் இரண்டாம் தடவையும் தவறிவிட்டேன் என்று நீ அழுத அன்றைக்கு, "எங்கப்பா மட்டும் நிப்பாட்டாம இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன், உனக்கு எல்லாம் கெடச்சும் என்ன அழுகைலா" என்று கத்தினேனே, அது பொய்.

தாத்தா என்னை நிறுத்தவே இல்லை. சுங்காய் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் பழக ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருந்து, படிவம் நான்கு வரை போனேன். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். ஒருநாள் இயற்பியல் ஆசிரியர் என்னை எழுப்பி, மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும்போது அதன் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டார். கோசோங், பூஜ்யம் என்றேன். வகுப்பே சிரித்தது, பின்னாலிருந்து ஒருத்தி "எஸ்டேட் தலையும் கோசோங்" என்றாள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. வீட்டில் வயிற்றுவலி என்றேன், கூடப் படித்தவர்களிடம் எங்கப்பா நிறுத்திவிட்டார் என்றேன். தோட்டத்தில் பாதிப் பெண்களை அப்படித்தான் நிறுத்தினார்கள், அதனால் யாரும் மறுபடி கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த ஆசிரியரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, "பிள்ளைய பால்மரம் வெட்ட அனுப்பத்தான் பெத்தியா" என்று தாத்தாவைத் திட்டினார். தாத்தா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு "ஆமாங்க சார், வீட்டுல கஷ்டம்" என்றார். சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அப்பாவும் மாமாமாரும் இன்றைக்கும் அவரைத்தான் குறை சொல்கிறார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ அழுத பிறகு உன் அலமாரியிலிருந்த பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்தேன். நான் படித்தது மலாயில், உன் புத்தகம் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. அப்பா வந்தால் துணிக்கூடைக்குள் ஒளித்துவிடுவேன், நாற்பத்தேழு வயதில் இது என்ன கூத்து என்று வெட்கம். பந்துக் கணக்கை மட்டும் பக்கத்து வீட்டு புஷ்பலதாவிடம் கேட்டேன், அவள் இப்போது படிவம் நான்கு. "வேகம்தான் ஆண்ட்டி நிக்குது, பூமி இழுக்கிறது எங்க நிக்குது, லீவா போட்டுச்சு?" என்று சிரித்தாள். அவ்வளவுதான் விஷயம். வகையிடல் கொஞ்சம் பிடிபடுகிறது, நேற்று பத்தில் மூன்று சரி. தொகையிடல் சுத்தமாக வரவில்லை.

நிறுத்துவதென்றால் நிறுத்து, நான் கோபப்பட மாட்டேன், உன் அறை அப்படியே இருக்கிறது. ஆனால் கணக்கு வரவில்லை என்று உன் பேரில் எழுதிக் கொடு. என் உடம்பு நன்றாக இருக்கிறது. முதலில் அந்த நுண்கணித விரிவுரையாளரிடம் போய் எது புரியவில்லை என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார், நான் கேட்காமல் ஓடி வந்தவள். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
நவமணி

பி.கு: தபாலில் போடுவதற்கு முன் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரிலிருந்த தாத்தா படத்தை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.