கெனாரிப் பிரிவில் ஆறு வருடம்

ஜின்ஜு
11 மார்ச் 1996

என் அருமை மியோங்ரான்,

போஹாங்கில் கடற்காற்று இன்னும் அடங்கியிருக்காது. உன் வீட்டுக்காரருக்கு இருமல் விட்டதா? மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அந்த ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நீ போன பிறகு உன் வீட்டுக்கு வந்திருக்கிறவள் மாடியில் மிளகாய் காயப்போட்டால் எங்கள் துணியெல்லாம் நெடி. உன்னை நினைத்துக்கொண்டே துணியை உதறுகிறேன்.

நல்ல சேதி இல்லை. நவம்பரில் வயிற்றில் பாதியை எடுத்தார்களே, அது போதவில்லையாம். ஈரலுக்கும் போய்விட்டதாம். கோடை முடியும்வரை ஓடியாடலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர். டென்னிஸ் ஆடலாமா என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

பிறகு அவருக்கு எல்லாம் விளக்க வேண்டியதாயிற்று. பெண்கள் போட்டியில் இரண்டு படி. இதுவரை ஒரு போட்டியையும் ஜெயிக்காதவர்கள் கெனாரிப் பிரிவு, வசந்தத்தில் பூக்கும் அந்த மஞ்சள் பூவின் பெயர். ஒரே ஒரு தடவை ஜெயித்தால் செவ்வந்திப் பிரிவு, அதன்பிறகு கீழே இறங்கவே முடியாது. "நீங்க எதுல இருக்கீங்க?" என்று கேட்டார். ஆறு வருடமாகக் கெனாரி என்றேன்.

"செவ்வந்தி எப்படியும் வந்துரும் டாக்டர். நான் செத்ததும் என் போட்டோவுக்கு முன்னாடி வெள்ளை வெள்ளையா அடுக்குவாங்க. அதுக்குள்ள அந்தப் பேரையாவது வாங்கிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. நீயாவது சிரி.

மிர்யாங், சாங்வோன், கிம்ஹே, மறுபடியும் மிர்யாங். நாம் ஜோடியாக ஆடிய நாலு பைனல், நாலும் தோல்வி, எல்லாம் என் பேக்ஹேண்டால். இன்னும் ஒரு தடவைக்குத்தான் எனக்குத் தெம்பு இருக்கிறது. எந்தப் போட்டி நமக்குச் சரி என்று நீதான் எப்போதும் பார்த்துச் சொல்வாய். இதையும் நீயே சொல். எனக்கு அந்தப் பிரிவு மாற வேண்டும், மியோங்ரான். வேறொன்றும் வேண்டாம்.

உன் அக்கா
கும்சுக்

—

போஹாங்
2 ஏப்ரல் 1996

என் கும்சுக் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மார்க்கெட்டில் மீன் வாங்க நிற்கும்போது எடுத்துப் படித்தேன், மீன்காரி பயந்துபோய் என்னை உட்காரவைத்துவிட்டாள். உலர்ந்த பொல்லாக் மீனும் கடற்பாசியும் அனுப்பியிருக்கிறேன். கஞ்சியாகவே குடியுங்கள். காரமான கிம்ச்சியைத் தொடாதீர்கள், உங்கள் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

போட்டி விஷயம். ஜூனில் தேகுவில் நடப்பது பெரியது. நூறு ஜோடி வரும், ஒரே நாளில் ஆறு ஆட்டம், அந்த ஊர் வெயில் வேறு. இந்த உடம்போடு அது வேண்டாம் அக்கா. மே மாதம் நாம்ஹே தீவில் ஒன்று இருக்கிறது. கூட்டம் குறைவு, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அங்கே நம்மை அடிக்க ஆளில்லை. இப்போதைக்கு நமக்கு அளவான போட்டி அதுதான். இருவர் பெயரையும் நானே கொடுத்துவிடுகிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் தங்கை
மியோங்ரான்

—

ஜின்ஜு
21 மே 1996

மியோங்ரான்,

நாம்ஹேயில் ஜெயித்ததற்குப் பரிசாகக் கொடுத்த நெத்திலிப் பெட்டி சமையலறையில் நாறிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாளே சங்கத்துக்குப் போன் செய்தேன். எங்கள் பெயர்களைச் செவ்வந்திப் பட்டியலுக்கு எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். இருபத்துநாலு ஜோடிக்குக் குறைந்த போட்டி கணக்கில் வராதாம். நாம்ஹேக்கு வந்தது பதினெட்டு. அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க பார்ட்னர்தான் ஏப்ரல்லயே கேட்டாங்களேம்மா. நான் அப்பவே சொன்னேனே."

ஏதோ ஞாபக மறதி என்று வைத்துக்கொள்கிறேன். என் உடம்பை நினைத்துச் செய்திருப்பாய். சண்டை போட எனக்கு நேரம் இல்லை. தேகுவுக்கு நம் பெயரைக் கொடுத்தாகிவிட்டது, ஜூன் பதினொன்று. நல்ல ஷூவாகப் போட்டுக்கொண்டு வா.

கும்சுக்

—

போஹாங்
15 ஜூன் 1996

அக்கா,

தேகு பஸ் நிலையத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டீர்கள். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. இதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, எழுதிவிடுகிறேன்.

பைனலில் ஐந்துக்கு ஐந்து ஆனபிறகு டை-பிரேக். அதில் ஆறுக்கு ஐந்து என்று நாம் முன்னால் இருந்தோம். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், சர்வீஸ் என் கையில். இரண்டு தடவை சர்வீஸ் போட்டேன், நாலு பந்தும் வலையில், இரண்டு பாயிண்டும் அவர்களுக்கு. கடைசிப் பந்து உங்கள் பேக்ஹேண்டுக்கு வந்து வெளியே போனது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே நான் ஆட்டத்தை முடித்துவிட்டேன். கை நடுங்கவில்லை அக்கா. வேண்டுமென்றே செய்தேன்.

மிர்யாங்கில் இரண்டு தடவையும், சாங்வோனிலும்கூட. கிம்ஹே மட்டும் நிஜமாகவே தோற்றது.

முன்பெல்லாம் பயம்தான் காரணம். நம்மோடு கெனாரியில் ஆடிய சூன்போக் ஜோடி செவ்வந்திக்கு மேலே போனதைப் பார்த்தோம் இல்லையா? இரண்டு வருடம் முதல் சுற்றைத் தாண்டவில்லை. பிறகு ஆளுக்கொரு பார்ட்னரைத் தேடிக்கொண்டார்கள். இப்போது எதிரில் வந்தால் தலைகூட ஆட்டுவதில்லை. கெனாரியில் எல்லோரும் நம்மைக் கண்டு பயந்தார்கள். மேலே போனால் நீங்கள் என்னைவிட நன்றாக ஆடுகிறவளைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. போட்டிக்குப் போட்டி உங்களைப் பார்ப்பதுதான் எனக்கு இருந்தது.

இந்த வருடம் வேறு. அந்த ஆசைதான் உங்களை நிறுத்திவைத்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. ஜெயித்தால் ராக்கெட்டை உறையில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவீர்கள். தோற்றால் அக்டோபர் போட்டிக்குப் பெயர் கொடுப்பீர்கள். அதற்காகவாவது இருப்பீர்கள். நாம்ஹே கணக்கில் வராது என்று தெரிந்தே கூட்டிப் போனதும் அதனால்தான்.

திட்டி எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அக்டோபரில் குவாங்ஜுவில் முப்பது ஜோடி வரை வருமாம், நம் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை சத்தியமாக ஆடுவேன்.

மியோங்ரான்

—

ஜின்ஜு
4 ஜூலை 1996

மியோங்ரானுக்கு,

கை எழுத வரவில்லை. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுதுகிறார். அதனால் அவருக்கும் இப்போது எல்லாம் தெரியும்.

குவாங்ஜுவுக்குப் போன் செய்து நம் இரண்டு பெயரையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருக்கிறது, அக்டோபரில் நான் யாரை அடிக்கப் போகிறேன்?

நீ பயந்தது எனக்குப் புரிகிறது. என்னைப் போகவிடாமல் பிடித்துவைக்கப் பார்த்ததும் புரிகிறது. புரிந்தும் கோபம் குறையவில்லை. நாலு நாளாகப் படுத்துக்கொண்டு குறைக்கப் பார்த்தேன்.

முதல் மிர்யாங் பைனல் முடிந்த வாரத்தில் ஆரம்பித்தேன். தினமும் காலை ஐந்து மணிக்கு, பள்ளிக்கூடச் சுவரில், இருநூறு பேக்ஹேண்ட். தோள் வீங்கி ஊசி போட்டுக்கொண்டு மறுநாளும் போனேன். மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் அடித்து வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினேன். என் மகன் ராணுவத்துக்குப் போன அன்று காலையிலும் சுவரில் அடித்துவிட்டுத்தான் அவனை வழியனுப்ப வந்தேன். என்னால்தான் நீயும் மேலே போக முடியாமல் கிடக்கிறாய் என்று நம்பினேன். என்னைவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் ஒருமுறை சொல்லவும் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும்.

ஒவ்வொரு தோல்விக்கும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் என் முதுகைத் தடவி, "பரவாயில்லக்கா" என்றாய். தேகுவிலும் சொன்னாய்.

இனி எழுதாதே. நான் போனால் உனக்குச் சேதி அனுப்ப வேண்டாம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே தலையை ஆட்டுகிறார், எப்படியும் அனுப்பிவிடுவார். நீயும் வந்து நிற்பாய். இவர் நல்ல மனிதர், உன்னைப் பார்த்ததும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார். அதை நம்பிவிடாதே. அது நான் சொல்ல வேண்டியது. நான் சொல்லவில்லை.

கும்சுக்