கர்டிஸின் அம்மா கேட்டது

அன்புள்ளவனே,

பிள்ளைகள் நலம். செவ்வாய்க்கிழமை நம் ஊர்ப் பள்ளிக்கூட அரங்கில் நம் தொகுதியின் அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினர் கூட்டம் போட்டார். ஆப்கானிஸ்தானிலிருந்து படையைத் திரும்ப அழைப்பதா, கூடாதா என்று ஒரே கூச்சல். வாயைத் திறக்கமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"சண்ட ஆரம்பிச்சுப் பதினோரு வருஷமாச்சு. எம் புருஷன் போறது இது மூணாவது தடவை. எல்லாரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுங்க, போதும்" என்றேன். பாதிப் பேர் கைதட்டினார்கள்.

ஏப்ரலில் உன்னோடு ரோந்து போய் இறந்த கர்டிஸின் அம்மா எழுந்தார். "பாதியில விட்டுட்டு வந்தா, எம் மகன் எதுக்குச் செத்தான்?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், கர்டிஸின் அம்மா என் கார் அருகே நின்றிருந்தார். அடிப்பாரோ என்று பயந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கேட்டது தப்பில்லடி. என்னால கைதட்ட முடியல, அவ்வளவுதான். கடைசியில அவன் பக்கத்துல இருந்தது உம் புருஷன்தானே? வந்ததும் எங்கிட்ட வரச் சொல்லு. அவன் எப்படிப் போனான்னு பட்டாளத்துலேர்ந்து வந்த காகிதத்துல ஒண்ணுமே இல்ல."

அந்த நாளைப் பற்றி நீ எனக்கும் ஒரு வரி எழுதியதில்லை. நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் நீ வருவாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் மனைவி