நெல் மூட்டைகளுக்கு நடுவே பாடியவனுக்கு

இதை எழுதும்போது என் சட்டையில் வைக்கோல் வாசனை அடிக்கிறது. பினாயிலைத் தவிர வேறு எந்த வாசனைக்கும் அனுமதி கிடையாத வீடு எங்களுடையது என்பது உனக்குத் தெரியும். போன வாரம் அந்தச் சட்டத்தை மீறி உன் அப்பா மாடிப்படி ஏறி வந்தார். தலையில் ஒரு சாக்கு மூட்டை. கீழே டிராக்டரில் இன்னும் ஒரு குவியல். எல்லாமே வைக்கோல் அடைத்து வாய் தைத்தவை.

"மாடி ரூமு எதுப்பா?" என்றார். "கெணறு மாதிரி இருக்கும்னு சொல்லிருக்கான்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டைக் கிணறு என்று சொல்லும் துணிச்சல் இந்த ஊரில் ஒருவனுக்குத்தான் இருந்தது. அவனையும் ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. போன பிறகும் என் வீட்டைக் குறை சொல்ல ஆள் அனுப்புகிறாய் பார், அந்தத் திமிர்தான் உன்னிடம் எனக்கு ஆகாதது.

உன்மேல் எனக்குப் பொறாமை என்பது ஊரறிந்த செய்தி. நீ எட்டாம் வகுப்பில் மாதா கோயில் பாடகர் குழுவின் முன்வரிசைக்குப் போனபோது ஆரம்பித்தது. நான் பின்வரிசையில் நின்று உன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். ஆனால் போன வருடம் அது முற்றிவிட்டது. மாதா கோயில் கொடியேற்றத்தின்போது ஒலிபெருக்கியில் போடும் பாட்டைக் குழுவில் ஒவ்வொருவரும் வீட்டிலேயே பதிவு செய்து தர வேண்டும், நன்றாக வந்ததைப் போடலாம் என்று குழுவை நடத்தும் ஸ்டெல்லா அக்கா சொல்லிவிட்டார். ஊர் முழுக்க, வயல் முழுக்கக் கேட்கும் பாட்டு. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

குவைத்தில் இருக்கும் அப்பாவிடம் போனில் அழுது, அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் ஒரு மைக்கை வரவழைத்தேன். கனமான, கறுப்பான, மந்திரி கையில் இருக்க வேண்டிய மைக். உன்னுடையதோ ஆன்லைனில் வாங்கிய குச்சி மிட்டாய். அதை உங்கள் வீட்டு நெல் அறையில், மூட்டைகளுக்கு நடுவே, கட்டில் காலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாய். நீ பாடும்போது கதவுக்கு வெளியே உங்கள் ஆட்டைக் கட்டி, எட்டாத தூரத்தில் அகத்திக்கீரையைக் காட்டினேன். அது தொண்டை கிழியக் கத்தியது. நீ பாட்டை முடித்துவிட்டு வெளியே வந்து, "பாவம்டா, கீரையக் குடுத்துட்டுப் போ" என்றாய். பதிவில் ஆடு இல்லவே இல்லை. உன் குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

ஸ்டெல்லா அக்கா என்னுடையதைக் கேட்டுவிட்டு, "பாத்ரூம்ல நின்னு பாடுனியாப்பா?" என்றார். உன்னுடையதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக் வந்தது எனக்கு, மரியாதை வந்தது உனக்கு.

நீ ஏதோ கருவியை ஒளித்து வைத்திருக்கிறாய் என்றே நம்பினேன். உன் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினேன். பழைய செருப்பும் ஒரு தேங்காயும் கிடைத்தன. நீ சிரித்துக்கொண்டே, "தேடுறது இருக்கட்டும், வந்து பாடிப் பாரு" என்றாய். பாடினேன். கேட்டால், அது நான்தான். முதல்முறையாக என் குரல் மனிதக் குரல் மாதிரி இருந்தது. அன்றுதான் வயிறு அதிகமாக எரிந்தது. என் குரல் நன்றாக இருப்பதற்குக்கூட உன் அறைக்குத்தானே நான் வர வேண்டியிருந்தது.

பிறகு நெல் கொள்முதல் நிலையத்தில் உங்கள் முறை வந்தது. மூட்டைகள் போயின. மறுநாள் நீ பதிவு செய்ததை ஓடவிட்டாய். குரல் சுவருக்குச் சுவர் மோதி, என் வீட்டுப் பாத்ரூம் உன் வீட்டுக்குக் குடிவந்ததுபோல் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க வெளியே ஓடிப் போய் அந்த ஆட்டையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தால், நீ காலி அறையின் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாய். மூலைக்கு மூலை போய்த் தட்டினாய். "டேய், சத்தம் திரும்பி வருதுடா. இத்தன நாளு அத நெல்லு தின்னுட்டு இருந்திருக்கு" என்றாய்.

நெல்லைத் திருப்பி வாங்கித் தரும்படி உன் அப்பாவிடம் கேட்ட ஒரே மகன் இந்த டெல்டாவில் நீயாகத்தான் இருப்பாய்.

"வித்த நெல்ல எவன்டா திருப்பிக் குடுப்பான்? அப்படியே குடுத்தாலும், பாட்டுக்குன்னு அடுக்கி வச்சா அந்துப்பூச்சிதான் பாடும்" என்றார். நீ காலிச் சாக்குகளில் வைக்கோலை அடைத்து அடுக்கினாய். உன் பழைய குரல் மறுபடி கிடைத்தது. அந்த வாரமே எங்கள் மாடிக்கு வந்து, டைல்ஸ் தரையில் நின்று ஒரே ஒரு கைதட்டல். அது நாலு தடவை திரும்பி வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனது.

"இது ரூமு இல்லடா, கெணறு. மைக்கெல்லாம் கடைசி. மொதல்ல ரூமு."

"வைக்கோலக் கொண்டாந்தா அம்மா என்னையும் சேத்து வெளிய போட்ருவாங்க."

"அடுத்த அறுப்பு வரட்டும். நான் கட்டித் தரேன், அம்மாட்ட நானே பேசுறேன்."

நீ பேச வரவில்லை. உன் அப்பா வந்தார். அம்மா கதவருகே நின்று ஒவ்வொரு மூட்டையும் உள்ளே போவதைப் பார்த்தார். தரையில் சிந்திய வைக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வருடக் கொடியேற்றத்துக்கும் உன் பாட்டையே போட்டுவிடலாம் என்று குழுவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவனோடு போட்டி போடலாம். உன்னோடு இப்போது எப்படிப் போட்டி போடுவது? நீ சளி பிடிக்காமல், சுருதி விலகாமல், ஒரே மாதிரி நன்றாகப் பாடிக்கொண்டே இருக்கிறாய். ஆனாலும் விடவில்லை. மூட்டைகளை மூன்று பக்கமும் அடுக்கினேன். கைதட்டிப் பார்த்தேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. மந்திரி மைக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீம்புக்கென்றே உன் குச்சி மிட்டாயைப் போல் ஒன்றை வாங்கி அதில் பாடினேன். அனுப்பினேன்.

நேற்று ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார். "இந்த வருசம் ஒன்னோடதப் போடுவோம்பா" என்றார்.

ஜெயித்துவிட்டேன். போனை வைத்ததும் சைக்கிளை எடுத்தேன். உன் முகம் சுருங்குவதை நேரில் பார்க்க வேண்டும், ஆட்டுக்கும் சேதி சொல்ல வேண்டும் என்று மிதித்தேன். வாய்க்கால் மதகு வரைக்கும் வந்த பிறகுதான் நினைவு வந்தது.

திரும்பிப் போகவும் தோன்றவில்லை. வாசலில் உன் அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "அப்ப வைக்கோலு வேல செஞ்சிருக்கு" என்றார். கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ள போய்ப் பாரு தம்பி. புது நெல்லு வந்திருக்கு."

உன் அறையில் மூட்டைகள் கூரை வரை இருந்தன. இப்போதெல்லாம் எந்த அறைக்குள் போனாலும் கைதட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வகுப்பறை, ரேஷன் கடை, பல் டாக்டர் அறை எதையும் விடுவதில்லை. எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறை தட்டினேன்.

எதுவும் திரும்பி வரவில்லை. என் அறையைவிட இன்னமும் உன்னுடையதுதான் நல்ல அறை. வயிறு எரிகிறதடா.