என் வழியாக வந்தது

பெரியவளின் அம்மாவுக்கு,

அவள் மார்புப் புற்றில் போன அன்று, "உன் வம்சத்து வியாதி" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

எனக்கும் சின்னவளுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு நேற்று வந்தது. "பழுதான மரபணு உங்ககிட்டருந்துதான் போயிருக்கு," என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

"ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளியே தெரியாது. உங்கம்மா எப்படி இறந்தாங்க?"

வயிற்றில் கட்டி என்றேன். அதே மரபணுவால் வருகிற சினைப்பைப் புற்றாக இருந்திருக்கும் என்றார். அம்மா தெரியாமல் கொடுத்ததை நானும் தெரியாமல் கொடுத்திருக்கிறேன்.

சின்னவளுக்கும் அந்த மரபணு இருக்கிறது. புற்று வருமுன்பே ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. பேருந்தில் வரும்போது, "ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா," என்றாள்.

சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டு நாலு கடிதம் எழுதிக் கிழித்தாயிற்று. இதில் கேட்கவில்லை.

உன் பெண்களின் அப்பா